தேய்ந்த எஞ்சினுக்கு என்ன விலை?

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தை ஒட்டி மல்லிக் பஜார் இருக்கிறது. வண்டிகளின் பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன சந்தை. கழற்றிய கதவுகள், கியர்பாக்ஸ்கள், ரேடியேட்டர்கள், டைனமோக்கள் என்று வண்டியின் எந்த உறுப்பைத் தேடிப் போனாலும் யாராவது ஒருவர் எடுத்துக் கொடுப்பார். உத்தர்பாராவில் 2014 மே மாதம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தியது. அதன் பிறகும் மஞ்சள் டாக்சிகள் ஆண்டுக்கணக்கில் ஓடியதற்கு இதுபோன்ற சந்தைகளும் பட்டறைகளும் முக்கியக் காரணம். ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில் ஹவுரா. அங்கே பெலிலியஸ் ரோடு பக்கம் லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. நியூயார்க் வீதிகளில் பாதாளச் சாக்கடையை மூடும் இரும்பு மூடிகளில் பல ஹவுராவில் ஊற்றப்பட்டவை. இரும்பு பழகிய ஊர்.

நாமக்கல் பக்கத்து லாரி ஒன்று கொல்கத்தாவுக்குச் சரக்கு கொண்டுவந்து, இறக்கிவிட்டு, பக்கத்து டங்குனியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே சுமார் 1,700 கி.மீ. அதைத் தாண்டித்தான் ஊர். ஓட்டுநர் முதலாளிக்குப் போன் போடுகிறார்: “அண்ணே, ஆயில் ரொம்பத் தின்னுது. பாலம் ஏற மாட்டேங்குது, நீலமா பொகையக் கக்குது. எஞ்சினை எறக்கித்தான் ஆகணும்ங்கிறாங்க.”

ஏழெட்டு வருடம் ஓடிய லாரிக்குப் புத்தம்புது எஞ்சின் போடுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. மீதி மூன்று வழிகள் உண்டு. உள்ளூர்ப் பட்டறையிலேயே எஞ்சினைப் பிரித்து, போரிங் போட்டு, ரிங்கும் பேரிங்கும் மாற்றிக் கூட்டலாம். உடைப்புக்கு வந்த வேறொரு லாரியின் ஓடிய எஞ்சினை அப்படியே வாங்கி மாட்டலாம். இல்லையென்றால், பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு மறு உற்பத்தி செய்யப்பட்ட எஞ்சினை வாங்கலாம். தொழிற்சாலையில் கடைசித் திருகாணிவரை பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் புது எஞ்சினின் அளவுக்குக் கொண்டுவந்து, ஓட்டிச் சோதித்து, உத்தரவாதத்தோடு தருவதற்குத்தான் அந்தப் பெயர். டாடா மோட்டார்ஸ் ‘புரோலைஃப்’ என்ற பெயரிலும் கம்மின்ஸ் ‘ரீகான்’ என்ற பெயரிலும் இந்த வியாபாரம் செய்கின்றன. மூன்று எஞ்சின்களையும் பெயிண்ட் அடித்து வரிசையாக நிறுத்தினால் அனுபவப்பட்ட மெக்கானிக்கே தடுமாறுவார். ஆனால் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்துக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, எஞ்சின் எப்படித் தேய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டாடா லாரிகளில் நெடுங்காலம் ஓடிய 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மி.மீ. விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மி.மீ. ஆறும் சேர்ந்து 5,675 சி.சி. இந்த எஞ்சின் 5 லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது என்று கொள்வோம். மணிக்குச் சராசரி 40 கி.மீ. என்றால் ஓடிய நேரம் 12,500 மணி. நிமிடத்துக்குச் சராசரி 1,500 சுற்று என்றால் கிராங்க் 112 கோடி முறைக்கு மேல் சுற்றியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பிஸ்டன் நின்று திசை மாறும். ஆக, ஒவ்வொரு பிஸ்டனும் 225 கோடி தடவை நின்று திரும்பியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சிலிண்டர் சுவரின் மேற்பகுதி 0.12 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு புத்தகத் தாளின் கனம்தான் அது. இரும்பு அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 0.25 நானோமீட்டர். அப்படியானால் போயிருப்பது சுமார் 4,80,000 அணு அடுக்குகள். 12,500 மணி என்பது 7,50,000 நிமிடம். வகுத்துப் பார்த்தால், ஒன்றரை நிமிட ஓட்டத்துக்கு ஓர் அணு அடுக்கு போயிருக்கிறது. அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெடிப்புகள் நடந்திருக்கும். இவ்வளவு மெதுவாகத் தேயும் பொருளை மனிதர்கள் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெரிய வியப்பு. லாரியை நிறுத்திவைப்பதும் அதே 0.12 மி.மீ.தான்.

தேய்மானம் சிலிண்டர் முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. ஜெர்மன் பொறியாளர் ரிஷார்ட் ஸ்ட்ரிபெக் 1902 வாக்கில் பேரிங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைப் புரிந்துகொள்ள உதவின. எண்ணெய் தடவிய இரண்டு பரப்புகள் போதிய வேகத்தில் நழுவும்போது எண்ணெய் ஆப்புபோல இடையில் புகுந்து இரண்டையும் பிரித்து வைக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. வேகம் குறையக் குறைய அந்தப் படலம் மெலிகிறது. வேகம் பூஜ்யத்தை நெருங்கும்போது பரப்புகளின் மேடுகள் ஒன்றையொன்று உரசத் தொடங்குகின்றன. பிஸ்டன் பாதி வழியில் வேகமாகப் போகும்போது ரிங் எண்ணெயில் மிதக்கிறது. உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும்போது படலம் அறுந்துபோகிறது. அதே கணத்தில்தான் டீசல் எரிகிறது. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகிறது. எரிவாயு ரிங்கின் முதுகுப்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. எல்லாத் துன்பமும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவதால், மேல் ரிங் திரும்பும் சில மில்லிமீட்டர் பட்டையில்தான் சிலிண்டர் அதிகம் தேய்கிறது.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் வாயிலிருந்து விரல் நகத்தை வைத்துக் கீழே இழுத்தால் ஓர் இடத்தில் படி தட்டுப்படும். அதற்கு மேலே ரிங் ஒருபோதும் வந்ததில்லை. கீழே கோடிக்கணக்கான முறை வந்து திரும்பியிருக்கிறது. அந்தப் படியை எண்ணாக மாற்றப் பட்டறைகளில் ஒரு பழைய முறை உண்டு; போர் கேஜ்கூட வேண்டாம். புது ரிங் ஒன்றைச் சிலிண்டரின் அடியில், தேய்மானம் குறைந்த இடத்தில், பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளிச் சமமாக உட்காரவைக்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு அதே ரிங்கை மேலே, அந்தப் படிக்குச் சற்றுக் கீழே வைத்து மறுபடி அளக்க வேண்டும். விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும். இரண்டு பக்கமும் 0.12 தேய்ந்தால் விட்டம் 0.24 மி.மீ. கூடும், இடைவெளி 0.75 மி.மீ. கூடும். அடியில் 0.40 காட்டிய ரிங் மேலே 1.15 காட்டும். பள்ளிக்கூடத்து வட்டக் கணக்கு, கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் கையில் கொடுத்துவிடுகிறது.

இடைவெளி பெரிதானால் என்ன ஆகும்? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நெருக்கி, அந்த நெருக்கலில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். 1890களில் ருடால்ஃப் டீசல் கண்ட வழி அதுதான். கசிவே இல்லாத சிலிண்டரில் காற்றின் சூடு 600 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். ரிங் வழியாகக் காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும். கசிந்த வாயு கீழே ஆயில் சம்ப்புக்குள் இறங்கி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று அடிக்கும். ஆயில் மேலே ஏறி எரிந்தால் நீலப் புகை வரும்.

விற்பவர் எஞ்சினை ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொன்னால், அது முற்றிலும் ஆறிய நிலையில் முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். சூடேறிய எஞ்சினில் பிஸ்டன் விரிந்து கசிவு குறையும். கெட்டி ஆயிலை ஊற்றிவைத்தால் சத்தமும் புகையும் சற்று அடங்கும். ஐந்து நிமிடம் சீராக ஓடிய எஞ்சினைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள், வண்டி சரக்கேற்றிக் கிளம்பிய பிறகுதான் உண்மையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

சிலிண்டரைச் சரிசெய்ய இரண்டு வழி. லைனர் போட்ட எஞ்சின் என்றால் லைனரை மாற்றலாம். லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே சிலிண்டர் கடைந்திருந்தால் (1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூரில் செய்த 5.9 லிட்டர் எஞ்சின் அந்த வகை) சற்றுப் பெரிதாகக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். எப்படிச் செய்தாலும் கடைசி வேலை ஹோனிங். சாணைக் கற்களைச் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுவார்கள். எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கீறல்கள்தான் இடம். சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் இருக்கின்றன; அவையும் உராய்வைக் குறைக்கின்றன. கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும் சிலிண்டரில் எண்ணெய் நிற்காது. நாசிலைக் கழற்றிய துளை வழியே, செல்போனில் செருகும் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தால் கீறல் வலை தெரிந்துவிடும்.

இதில் கொல்கத்தாவுக்கென்று ஒரு தொல்லை உண்டு. அந்த ஊரின் ஈரக்காற்றில் புதிதாக ஹோனிங் செய்த வெற்று இரும்பு மிக வேகமாகத் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் ஓரிரவே போதும். எண்ணெய் பூசி, துளைகளையெல்லாம் அடைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைக்காத எஞ்சின் கடையில் நிற்கிற ஒவ்வொரு வாரமும் கெட்டுக்கொண்டிருக்கிறது.

இனி கிராங்க். இதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால் எஞ்சினின் உயிர் இதில்தான் இருக்கிறது. கிராங்கின் உருளைப் பகுதிகள் வருடக்கணக்கில் சுற்றி லேசாக முட்டை வடிவம் ஆகிவிடும். கிரைண்டிங் செய்து மறுபடி வட்டமாக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர் விட்டம் குறையும். அதற்கேற்ற தடித்த பேரிங் கடையில் கிடைக்கும். அங்குலக் கணக்கில் அது ஆயிரத்தில் பத்து. அதனால்தான் பட்டறையில் “கிராங்க் எதுல இருக்கு? ஸ்டாண்டர்டா, பத்தா, இருபதா?” என்று கேட்கிறார்கள். நாற்பதில் இருக்கும் கிராங்குக்கு அநேகமாக அடுத்த பிறவி கிடையாது. கடினப்படுத்திய மேல்தோல் எவ்வளவு மிச்சம் என்பது கிராங்குக்குக் கிராங்க் மாறும்.

அளவைவிட ஆபத்தானது மூலை. உருளை முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு வளைவு விட்டிருப்பார்கள். அவசரமாகக் கிரைண்டிங் செய்பவர் அந்த வளைவைக் கூராக்கிவிட்டால், கிராங்க் பார்க்க அழகாக இருக்கும். சில மாதத்தில் அதே இடத்தில் முறியும். இதை உலகம் ரயில் அச்சுகளில் கற்றுக்கொண்டது. 1842 மே 8ஆம் தேதி பாரிஸ் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, வெர்சாயிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் பலர் தீயில் மாண்டார்கள். அச்சுகள் பாரம் தாங்காமல் முறியவில்லை. தாங்கக்கூடிய பாரத்தையே லட்சக்கணக்கான தடவை மாற்றி மாற்றித் தாங்கியதால் முறிந்தன என்பதை ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் பின்னாளில் பல்லாண்டு சோதனைகளில் காட்டினார். கூரான மூலையில் இழுவிசை குவிகிறது. அங்கே முடியளவு விரிசல் பிறந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நீள்கிறது. மல்லிக் பஜார் வழியாகப் போகும் சாலைக்குப் பெயர் தந்த ஜகதீஷ் சந்திர போஸ், உலோகத் துண்டுகளைத் திரும்பத் திரும்பத் தூண்டி அவற்றின் மின் எதிர்வினை களைத்துப்போவதைத் தனிச் சோதனைகளில் கண்டு 1902இல் நூலாக எழுதினார். அவர் அளந்தது வேறு வகைக் களைப்பு. ஆனாலும் உலோகம் களைப்படையும் என்ற எண்ணம் அந்தத் தெருவுக்குப் புதிதல்ல.

முடியளவு விரிசலைக் கண்ணால் பார்க்க முடியாது. கிராங்கைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். விரிசல் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். துகள்கள் அங்கே போய் ஒட்டும். புற ஊதா விளக்கில் பச்சைக் கோடாகத் தெரியும். மறு உற்பத்திச் சாலைக்கும் சாதாரணக் கூட்டு வேலைக்கும் நடுவே ஒரே ஒரு வேறுபாட்டைச் சொல்லச் சொன்னால் நான் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன். ஹவுராவின் கைத்திறமைக்குக் குறைவே இல்லை. கண் எவ்வளவு கூர்மையானாலும் காந்தம் காட்டுவதைக் கண் காட்டாது.

தண்ணீரால் வரும் கேடு இரண்டு வகை. முதலாவது உள்ளிருந்து வருவது. சில எஞ்சின்களில் லைனரின் வெளிப்புறத்தைக் குளிர்நீர் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். பிஸ்டன் பக்கவாட்டில் தட்டும்போது லைனர் மணிபோல அதிரும். சுவர் நீரைவிட்டு விலகும் நொடித்துளியில் அங்கே நுண்ணிய நீராவிக் குமிழ்கள் தோன்றி, சுவர் திரும்பி வரும்போது நொறுங்கும். அப்படி நொறுங்கும் குமிழ் இரும்பிலேயே குழி பறிக்கும். குழி ஆழமாகி ஒருநாள் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். கூலண்டில் கலக்கும் மருந்து சுவரில் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கி இதைத் தடுக்கிறது. வழியோர ஆழ்துளைக் குழாயில் பிடித்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அந்தக் காப்பு போய்விடும். மேலே சுண்ணாம்பும் படியும். மறு உற்பத்தி எஞ்சினுக்குக் கூலண்ட் மாற்றிய ரசீது கேட்டு உத்தரவாதத்தை மறுக்கும்போது முதலாளிகள் கோபப்படுகிறார்கள். அந்த நிபந்தனைக்குப் பின்னால் இந்தக் குமிழ்கள் இருக்கின்றன.

இரண்டாவது மழைநீர். கொல்கத்தாவில் கனமழை பெய்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது புதிய செய்தியல்ல. காற்று வாங்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை 697இன் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஒரு சிலிண்டருக்கு 946 சி.சி. அழுத்த விகிதம் 17 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் வெறும் 59 மி.லி. அதைவிட ஒரு சொட்டு அதிகமாகத் தண்ணீர் புகுந்தாலும் அது போக இடமில்லை, தண்ணீர் நெருங்கிக்கொடுக்காது, சுற்றிக்கொண்டிருக்கும் கிராங்கின் விசை முழுவதும் கனெக்டிங் ராடை வளைக்கும். ராடு மில்லிமீட்டர் அளவுக்கு வளைந்தால் எஞ்சின் அப்போதைக்கு ஓடவும் செய்யும். அந்த ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும், அழுத்தம் குறையும், பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் எஞ்சினைக் கழுவிப் பெயிண்ட் அடித்தால் வெளியே எந்த அடையாளமும் இருக்காது. ஆறு சிலிண்டரின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து பார்த்தால் மட்டும் தெரியும். எந்த ஊரில் ஓடிய எஞ்சினை வாங்கினாலும் இதைச் செய்ய வேண்டும். கொல்கத்தாவில் செய்யாமல் வாங்கவே கூடாது.

இத்தனை இடர் இருக்கும்போது, தேய்ந்த எஞ்சினை உருக்கிப் புதிதாக ஊற்றிவிடலாமே என்று தோன்றும். எதிர்ப்பக்கத்து நியாயம் வலுவானது. வார்ப்பிரும்பை உருக்க 1,200 டிகிரிக்குக் கிட்டத்தட்டச் சூடு வேண்டும். பழைய பிளாக்கைக் கழுவக் கொதிநீரும் காரமும் போதும். பிரான்சில் ஷுவாஸி-லெ-ருவா என்ற ஊரில் ரெனோ நிறுவனம் 1949 முதல் எஞ்சின்களை மறு உற்பத்தி செய்தது. புதிதாகச் செய்வதைவிட 80 சதவீதம் குறைந்த ஆற்றலே செலவாகிறது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்காவில் கேட்டர்பில்லர் 1973இல் இந்தத் தொழிலில் இறங்கியது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லண்ட் 1996இல் இந்தத் தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, கண்ணில் படாமல் வளர்ந்துவிட்ட பெருந்தொழில் இது என்று விவரித்தது.

ஆற்றல் மிச்சத்தைவிட எனக்கு ஆர்வமூட்டுவது பழைய பிளாக்கின் நிதானம். இரும்பை ஊற்றி ஆறவிடும்போது மெலிந்த பகுதி முந்தியும் தடித்த பகுதி பிந்தியும் குளிர்கின்றன. அதனால் பிளாக்குக்குள் ஓர் இழுபறி தங்கிவிடுகிறது. அது தளரத் தளர வடிவம் நுண்ணளவில் கோணும். ஆயிரக்கணக்கான தடவை சூடாகி ஆறிய பிளாக்கில் அந்த இழுபறி பெருமளவு அடங்கியிருக்கும். அதன் பிறகு கடைந்த துளை நீண்டகாலம் வட்டமாகவே நிற்கும். விரிசல் இல்லாத, அதிகம் சூடேறிப் பழுதாகாத பழைய பிளாக், மறு உற்பத்தியாளருக்கு இரண்டாந்தரப் பொருளே அல்ல.

நம் சட்டங்கள் இதைப் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் கருத்து. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வண்டிகளுக்கான விதிகள், வண்டி செய்யும் நிறுவனத்தின் பொறுப்பை எஃகின் எடையில் கணக்கிடுகின்றன. அதே ஆண்டில் கொல்கத்தாவிலும் டாடா மோட்டார்ஸ் ஆண்டுக்கு 21,000 வண்டிகளைப் பிரிக்கக்கூடிய கூடம் ஒன்றைத் திறந்தது. பிரிப்பது நல்லதுதான். ஆனால் எடைக்குக் கணக்கு வைத்தால் நல்ல கிராங்கும் முறிந்த கிராங்கும் ஒரே விலைக்கு உலைக்குப் போகும். காந்தச் சோதனையில் தேறிய கிராங்கைத் தனியாக எடுத்து வைப்பவருக்கும் அந்த விதிகளில் மதிப்பெண் இருக்க வேண்டும்.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தை முதலாளி மறக்கக் கூடாது. 2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம், 1993க்கு முன் பதிவான, அதாவது பதினைந்து ஆண்டைக் கடந்த, வணிக வண்டிகளைக் கொல்கத்தா பெருநகரப் பகுதியிலிருந்து விலக்கும்படி உத்தரவிட்டது. 2009 ஆகஸ்டில் அது அமலானது. வண்டியின் வயது ஆர்.சி.யில் உள்ள பதிவுத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. எஞ்சின் புதிதாவதால் வண்டி இளமையாகாது. பதினைந்தாம் வயதை நெருங்கும் லாரிக்கு விலையுயர்ந்த எஞ்சின் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கிறது, மாற்றும் எஞ்சினுக்கு முறையான பில் வாங்கி, பதிவு அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். எண் அழிந்த, அல்லது மறுபடி வெட்டிய எஞ்சினை எந்த விலைக்குக் கொடுத்தாலும் தொடக் கூடாது.

மாசு விதியும் பொருந்த வேண்டும். நாடு முழுவதும் பி.எஸ்.4 விதி 2017 ஏப்ரலிலும் பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலிலும் வந்தன. பி.எஸ்.6 லாரியின் எஞ்சினைத் தனியாகக் கழற்றி விற்பதும் வாங்குவதும் எளிதல்ல. இஞ்செக்டர், கம்ப்யூட்டர், யூரியா தெளிக்கும் அமைப்பு, புகை வடிகட்டி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வேலை செய்பவை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதிப்படுத்தியது. ரிங் தேய்ந்து ஆயிலை எரிக்கும் லாரி, இரவில் கொல்கத்தாவுக்குள் சரக்கு கொண்டுவரும்போது, சாலையோரம் உறங்குகிறவர்களின் மூச்சில் அந்தப் புகையைச் சேர்க்கிறது. எஞ்சினைச் சரியாக மறு உற்பத்தி செய்வதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

டங்குனியில் நிற்கும் லாரிக்கு வருவோம். முதலாளி என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். உள்ளூரில் நல்ல பட்டறை கிடைத்து, கிராங்க் ஸ்டாண்டர்டிலோ பத்திலோ இருந்தால் அங்கேயே கூட்டிக்கொள்ளலாம். கிராங்கைக் காந்தச் சோதனைக்கு அனுப்பும் செலவை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிளாக்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றிக் கழுவினார்களா என்று நேரில் நின்று பாருங்கள். உள்ளே தங்கும் மணல் துகள் ஒன்று புது பேரிங்கை ஒரு நாளில் கெடுத்துவிடும். ஓடிய எஞ்சின் வாங்கினால் ஆறு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்த பிறகே விலை பேசுங்கள். மறு உற்பத்தி எஞ்சின் என்று சொல்லி விற்றால் அளவுத் தாளைக் கேளுங்கள். ஆறு சிலிண்டரின் விட்டம் மேலே, நடுவே, கீழே எவ்வளவு, கிராங்க் எந்த அளவில் இருக்கிறது, காந்தச் சோதனை நடந்த தேதி எது, சோதனை மேடையில் ஓட்டியபோது ஆயில் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளில் எஞ்சின் எண்ணோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். உண்மையாக மறு உற்பத்தி செய்தவரிடம் அந்தத் தாள் கட்டாயம் இருக்கும். அளக்காமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. தாள் இல்லையென்றால், பெயிண்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஓடிய எஞ்சினுக்குரிய விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.